கூரையில் தண்ணீர் சுமந்த லொறி

ஒரு லொறி எப்படி ஓடுகிறது என்பதை மற்றவர்கள் கண்ணால் அறிவார்கள், அல்லது ஸ்டியரிங் பிடித்த கையால் அறிவார்கள். நான் முதுகால் அறிந்தவள். மல்லாந்து படுத்தபடி, கால் சாரதியின் பக்கமும் தலை பின்கதவின் பக்கமுமாக ஓடியிருக்கிறேன். எந்தச் சக்கரம் குழியில் விழுகிறது, எப்போது காற்று பக்கவாட்டில் மோதுகிறது, எப்போது பாரம் இடமிருந்து வலம் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவேன். இந்த அறிவு எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்தேன். முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு என்னால் எழுந்து உட்கார முடியாமல் போய்விட்டது. தலையணையை அடுக்கிச் சாய்த்தாலே இடுப்புக்குக் கீழே நெருப்புப் பற்றியதுபோல எரியும். எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டு, நல்ல கடற்காற்று வருகிறதே என்று எனக்கு ஆறுதல் சொல்லுவார்கள். அந்தக் காற்று ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைத்ததைத் தவிர எனக்கு வேறெந்த உபகாரமும் செய்ததில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். பண்டாரவளையில் இருந்த என் தங்கச்சியைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர்தான். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். அந்த அலைச்சலுக்கு நடுவே மலையிலிருந்து இறங்கிக் கொழும்புக்கு வந்து திரும்ப அவளால் முடியாது. ஏறிப்போக என்னால் முடியாது. போனில் கதைப்போம். அவள் தன் முகத்தைக் காட்டாமல் பூச்சாடியையும் பூனையையும் காட்டுவாள். முகம் வீங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இருப்பதற்காகவாம்.

வாடகைக்கு எடுத்த வான் ஒன்றில் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டு ஒரு முறை முயன்றோம். கூரை முகத்துக்கு மேலே ஒரு முழத்தில் இருந்தது. என்னைக் கழுவித் துடைத்து மாற்ற இடமில்லை. நாள் முழுக்கப் போகும் பயணத்தில் அது எப்படி நடக்கும்? அவிசாவளையில் வீதியோரம் நிறுத்தி, என் புருஷன் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் திரும்பிப் போகச் சொல்லிவிட்டேன். அன்று மாலை அவர் சாப்பிடவில்லை.

என் புருஷன் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்திலிருந்து அரிசியும் மாவும் சீனியும் ஏற்றி மலைநாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவருடைய தொழில். தலை நரைத்த பிறகும் அதே லொறி. முகம் தட்டையான பழைய ஜப்பான் லொறி அது. அதற்கு மூக்கே கிடையாது. சாரதி முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார், எஞ்சின் அவருடைய இருக்கைக்குக் கீழே கிடக்கும். பழுது பார்ப்பதென்றால் சாரதி இருக்கும் கூட்டையே முன்னால் கவிழ்க்க வேண்டும். அந்த நேரத்தில் பார்த்தால் லொறி யாரிடமோ குனிந்து மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும்.

வெள்ளைக்காரர்கள் லொறியை வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் வீடியோக்களை அவருக்கு யாரோ காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வேறு ஒன்றும் பார்க்கவில்லை. இறக்குமதித் தடையால் வெளிநாட்டு வாகனம் எதுவும் நாட்டுக்குள் வராமலிருந்த காலம் அது. அவர் அதற்காகக் கவலைப்படவில்லை. தன்னிடம் லொறி இருக்கிறது, கொட்டாஞ்சேனையில் தெரிந்த கராஜ் இருக்கிறது, வெல்டிங் செய்ய, பாஸ் என்று கூப்பிடும் சிங்கள மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், வேறென்ன வேண்டும் என்றார். சரக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டார். காலையில் போனால் பின்னேரம் மரத்தூள் படிந்த தலையோடு வருவார். வந்து என் கட்டிலருகே இருந்து அன்று செய்ததைச் சொல்லுவார். கலியாணமான காலத்தில்கூட அவர் என்னோடு இவ்வளவு கதைத்ததில்லை. அதற்காகவே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தேக்கில் கட்டில். கட்டிலில் தோளுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் பட்டி. பக்கத்தில் கறுப்புக் கிரனைட் பதித்த சமையல் மேடை. கூரையை ஒட்டிச் சுற்றிவரத் தேக்கு அலுமாரிகள். கழிவறை ஒன்று. என்னைப் படுத்த படுக்கையிலேயே கழுவுவதற்கு நீளக் குழாய். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வேண்டுமே. அவர் கூரைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வைத்தார். வீட்டு மொட்டை மாடிகளில் இருக்கும் அதே கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கி, அளவில் கொஞ்சம் சின்னது.

“தண்ணி மேல இருந்தாத்தானே கீழ வரும்” என்றார். “வெள்ளவத்தையில எந்த வீட்டில டாங்கி கீழ கிடக்குது?”

எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. மின்வெட்டு நாட்களில் மோட்டர் நின்றுபோக, மாடியிலிருந்த தண்ணீர்தானே எங்கள் தொடர்மாடி முழுவதையும் காப்பாற்றியது? தண்ணீர் என்றால் தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்பது கொழும்பில் எல்லோருக்கும் உடம்போடு ஊறிய விஷயம். வீடு ஓடாது, லொறி ஓடும் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

முதல் ஓட்டம் எங்கள் ஒழுங்கை முடிவிலுள்ள கடலோர வீதியான மரைன் டிரைவில். அயலவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறியதும் அவர் துள்ளினார், அடுத்த கணம் பின்சக்கரம் ஏற நான் துள்ளினேன். அது பரவாயில்லை. கடலிலிருந்து வந்த காற்று எங்கள் உயரமான சுவரில் மோத, அவர் காற்றுக்கு எதிராகவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனார். கடல் பக்கத்து ரயில் நிலையம் காற்றை மறைத்த இடத்தில் லொறி திடீரென்று கடல் பக்கம் இழுத்தது. அதுவும் பரவாயில்லை. காலி வீதிக்குத் திரும்பினோம் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருந்தது. லொறி திரும்பி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு மேலே ஏதோ ஒன்று தனியாகத் திரும்பியது. அரைகுறையாக நிரப்பியிருந்த தாங்கிக்குள் தண்ணீர் சுவரில் போய் மோதும் சத்தம் கேட்டது. பிறகு மற்றச் சுவரில்.

இறங்கியதும் சொன்னேன். மேலே இருக்கிற தண்ணீர் நம்மோடு திரும்பவில்லை, பிந்தித் திரும்புகிறது என்றேன். அவர் சிரித்தார். எல்லாம் பாரம் போதாத குணம் என்றார். வெறும் லொறி உதறும், பாரம் ஏற்றினால் அமைதியாகப் போகும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. உண்மைதான். ஆனால் அரிசி மூட்டை லொறியின் அடித்தட்டில் கிடக்கும். அது கூரையில் ஏறி நின்று ஆடாது.

பாரத்தைக் கூட்டினார். பெரிய பற்றரிகள், காஸ் சிலிண்டர், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் பின்சக்கரத்துக்கும் பின்னாலே, வால்பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினார். அடுத்த ஓட்டத்தில் ஸ்டியரிங் லேசாகிவிட்டதாம். கார் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். வால் கனத்து முகம் தூக்கியதால் முன்சக்கரங்கள் வீதியைச் சரியாக அமுக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. என் கால்பக்கம் மிதந்துகொண்டு வந்தது. சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. படுத்துக்கிடக்கிற பொம்பிளைக்கு எல்லாம் ஆடுவதுபோலத்தான் இருக்கும் என்று ஒரு நாள் வீட்டிலிருந்தபடி கராஜ்காரர் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் பழுதில்லை என்பதை மறந்துவிட்டார்.

ஆனாலும் புறப்பட்டோம். தங்கச்சி முன்னறையில் தன் கட்டிலுக்கு ஒட்டி இன்னொரு கட்டில் போட்டுவைத்திருந்தாள். நாங்கள் இருவரும் சின்னப்பிள்ளைகள்போலப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஊர்வம்பு கதைப்பதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் சொல்லி நாள் மாற்றியிருந்தாள்.

இரத்தினபுரி வரை வீதி நன்றாகவே இருந்தது. நானே வாயை மூடிக்கொண்டு வந்தேன். இரத்தினபுரி தாண்டி மரநிழலில் நிறுத்தி அவர் என்னைக் கழுவி உடை மாற்றினார். கூரையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் நன்றாக வந்தது. கண்டீரா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் பாராட்டினேன். அந்தப் பாராட்டை அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. அப்போது தாங்கி பாதியாகிவிட்டது. நிறைந்த தாங்கியில் தண்ணீருக்கு ஓட இடமில்லை. பாதித் தாங்கியில் இடமிருந்தது.

பெலிஹுல்ஓயா தாண்டி ஏற்றம் தொடங்கியது. வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றிலும் எனக்கு மேலே தண்ணீர் இந்தச் சுவரில் மோதி, அந்தச் சுவரில் மோதி, அது ஓய்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஓரிடத்தில் மேலேயிருந்து இறங்கிய ஒரு பஸ் எங்கள் பக்கத்துக்குள் வந்துவிட்டது. அவர் பிரேக் போட்டுக்கொண்டே உள்பக்கம் வெட்டினார். தண்ணீர் முதலில் முன்னால் போனது, பிறகு வெளிப்பக்கம் போனது. லொறி தண்ணீரின் பின்னால் சாய்ந்தது. என் இடப்பக்கம் மேலே எழும்பியது. அலுமாரிக் கதவுகள் திறந்து சாமான்கள் என்மேல் கொட்டின. நான் பட்டிகளில் தொங்கிக்கொண்டு, சாயட்டும், சாய்ந்து தொலையட்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் தடாரென்று வீதியில் விழுந்தது.

அவர் ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தானே பூட்டிய பட்டியின் கொளுவியை அவரால் கழற்ற முடியவில்லை. பிறகு கூரைக்கு ஏறித் தாங்கியைத் திறந்துவிட்டார். தண்ணீர் என் ஜன்னல் கண்ணாடி வழியாக ஓடி, வீதியில் இறங்கி, நாங்கள் வந்த வழியே போனது.

தண்ணீர்தான் போய்விட்டதே, இனிப் பயமில்லை, மெல்ல மெல்ல ஏறலாம் என்றேன். அங்கிருந்து தங்கச்சி வீட்டுக்கு அதிக தூரமில்லை. அவர் தலையை ஆட்டினார்.

“ஏலாது” என்றார். “நீர் உள்ளுக்குக் கிடக்கிறீர். நான் எப்பிடி ஓட்டுறது?”

“அரிசி மூட்டையெல்லாம் இந்த ரோட்டால ஏத்தி இறக்கினீங்கள்தானே. ஒரு பொம்பிளையக் கொண்டுபோக ஏலாதா?”

ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் லொறியைத் திருப்பினார். தங்கச்சிக்கு அவர்தான் போன் எடுத்தார். அவள் என்னோடு கதைக்கக் கேட்டாள். பரவாயில்லை அக்கா, கட்டில் இங்கேயேதான் இருக்கும், எடுக்கமாட்டேன் என்றாள். நான் போனை அவரிடமே கொடுத்துவிட்டேன். கொழும்புக்குத் திரும்பி வந்தோம்.

பிறகு அவர் லொறியைப் பிரித்தார். இந்தத் தடவை யாரிடமும் பெருமை பேசவில்லை. கூரைத் தாங்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, அடிச்சட்டங்களுக்கு நடுவே தட்டையாக ஒரு தகரத் தாங்கி செய்வித்தார். தண்ணீர் ஓடாதபடி உள்ளே குறுக்குத் தடுப்புகள் வைத்தார். கிரனைட்டும் தேக்கு அலுமாரிகளும் போய், மெல்லிய பலகை வந்தது. பற்றரிகள் வால்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தன. சாய்வைப் பிடித்துவைக்க அடியில் ஒரு தடித்த இரும்புத் தண்டு பூட்டினார். எல்லாம் முடிந்ததும் என்னை ஏற்றி மரைன் டிரைவில் ஓடினார். காலி வீதிக்குத் திரும்பினார். லொறி திரும்பியது, அத்தோடு முடிந்தது. மேலே எதுவும் பிந்தி வரவில்லை. என் முதுகுக்கு அந்த ஒரு திருப்பமே போதும்.

“இது சரி” என்றேன். “நாளைக்கே போவம்.”

“இன்னும் கொஞ்சம் பாப்பம்” என்றார்.

அந்த இன்னும் கொஞ்சம் முடியவேயில்லை. என்னுடைய நிறைக்கு அரிசி மூட்டைகளைக் கட்டிலில் வைத்து, என்னுடைய பட்டிகளையே கட்டி, தனியாக ஓட்டிப் பார்த்தார். அவிசாவளைக்குப் போனார். இரத்தினபுரிக்குப் போனார். பலாங்கொடை வரைக்கும் போய்த் திரும்பினார். அந்த மூட்டைகள் என்னைவிட அதிகம் ஊர் பார்த்தன. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு குறையோடு வருவார். ரயரில் காற்று அதிகம், ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கம், இடப்பக்கம் அரை அங்குலம் தாழ்வு. நான் கெஞ்சினேன். ஏசினேன். சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன். அவர் குனிந்து பொறுக்கித் துடைத்துவிட்டு, அடுத்த நாள் திரும்பவும் கராஜுக்குப் போனார்.

லொறியில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். குறை அவர் கையில் இருந்தது. அந்த வளைவில் தூக்கிய பக்கம் அவருக்குள் இன்னும் இறங்கவில்லை. பயம் என்று சொல்லியிருந்தால் நான் வேறொரு சாரதியைக் கேட்டிருப்பேன், அல்லது அவர் தோளைத் தட்டியிருப்பேன். அவர் அதைப் பயம் என்று சொல்லவில்லை. கவனம் என்று சொன்னார். என்மேல் வைத்த அன்பு என்று மற்றவர்கள் சொன்னார்கள். உமக்கு வாய்த்தது தங்கமான மனிதன் என்று பிஸ்கட்டோடு வந்தவர்கள் சொன்னபோது எனக்கு அந்தப் பெட்டியை எறிய வேண்டும்போல இருந்தது. படுத்தவள் எறிந்தால் எவ்வளவு தூரம் போகும்?

தங்கச்சியின் போன் பேச்சு சுருங்கிக்கொண்டு வந்தது. அத்தானை ஏசாதே அக்கா என்பாள். அதற்கே மூச்சு வாங்கும். பிறகு அவளுடைய புருஷன்தான் போன் எடுத்து, அவள் நித்திரை என்பார். ஒரு நாள் விடியற்காலையில் அவர் எடுத்தபோது நித்திரை என்று சொல்லவில்லை. அழத்தான் செய்தார்.

என் புருஷன் போனை வாங்கிக் கேட்டார். வைத்தார். வெளியே போய் லொறியிலிருந்து அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தொடர்மாடி வாசலில் அடுக்கினார். அயலவர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து என்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்தினார். பட்டிகளைக் கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

லொறி அருமையாக ஓடியது. இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, அதற்கு மேலே அந்த ஏற்றம், அந்த வளைவுகள். எந்த வளைவில் பஸ் வந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒன்றுபோலவே எல்லாம் கடந்தன. கழுவும் தண்ணீர் தரைக்குக் கீழே சத்தமில்லாமல் கிடந்தது. ஒரு முறையாவது ஆடட்டும், ஒரு கதவாவது திறந்து ஏதாவது என்மேல் விழட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஆடியிருந்தால் அவர் சொன்னது சரி என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஒன்றுமே ஆடவில்லை. எத்தனையோ மாதங்களாக இது இப்படித்தான் ஓடக் காத்திருந்தது என்று நினைத்து, பட்டிகளுக்குள் கிடந்து குரலெடுத்து அழுதேன். முன்னால் அவருக்குக் கேட்டிருக்கும். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபோது எடுப்பதற்கு நேரமாகிவிட்டிருந்தது, எனக்காகவே வைத்திருந்தார்கள். முன்னறையில் பெட்டி. என்னை மெத்தையோடு தூக்கிவந்து, பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மர வாங்குகளைச் சேர்த்து அதன்மேல் கிடத்தினார்கள். தலையைத் திருப்பினேன். என் கண்ணுக்கு நேரே வார்னிஷ் பூசிய பலகை. அவ்வளவுதான். நிற்கிறவர்கள் எல்லோரும் குனிந்து அவள் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் பெட்டியின் பக்கப்பலகையைப் பார்த்து அழுதேன். நாலு பேர் மெத்தையைப் பிடித்து என்னை உயரத் தூக்கினார்கள். உயரத்தில் மல்லாந்து கிடந்த எனக்கு முகட்டு ஓடு தெரிந்தது. என்னைப் பக்கவாட்டில் திருப்ப இரண்டு பேரும் தலையணையும் வேண்டும். தூக்கிப் பிடித்த மெத்தையில் அது நடக்காது. முதுகில் எரிவு ஏறி நான் கத்தியதும் பயந்து இறக்கிவிட்டார்கள்.

வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். யாரோ ஒரு பெண் என் கையில் அரிசியை வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துப் பெட்டியின் விளிம்புக்கு மேலாகக் கொண்டுபோனாள். முதலில் நெற்றி பட்டது. பிறகு மூக்கு. கன்னம் தங்கச்சி போனில் மறைத்துவைத்திருந்ததைவிட அதிகம் வீங்கியிருந்தது. வாயைத் தேடி அரிசியை விட்டேன், பாதி வெளியே கொட்டியிருக்க வேண்டும், அந்தப் பெண் தட்டிவிடும் சத்தம் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்தான் மெல்ல எடுத்துவிட்டாள்.

பெட்டியின் அந்தப் பக்கத்தில் என் புருஷன் நின்றுகொண்டிருந்தார். அவர் உயரமான மனிதர். அவருக்கு எல்லாம் தெரிந்தது. தங்கச்சியையே பார்த்துக்கொண்டு நின்றவர், பிறகு என் பக்கம் வந்து குனிந்தார்.

“முகத்தைப் பார்த்தனீரோ?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

அவர் நிமிர்ந்து, பொறுங்கோ, பொறுங்கோ என்று ஆட்களிடம் கையை நீட்டினார். அவர்கள் மூடியை வைத்துவிட்டார்கள்.